டேங்கில் ஒரு பெயர், இன்ஜினில் ஒரு பெயர்

ஒரு நிறுவனம் வடிவமைத்துத் தயாரித்த மோட்டார் சைக்கிளை இன்னொரு நிறுவனம் வாங்கி, டேங்கில் தன் பெயரை ஒட்டித் தன் வண்டியாகவே விற்பதை வாகனத் தொழிலில் பேட்ஜ் இன்ஜினியரிங் என்கிறார்கள். பகிர்வின் ஒரு கோடி இது. மறுகோடியில், ஒன்றோடொன்று போட்டியிடும் நிறுவனங்கள் ஒரே ஆலையிலிருந்து செயினும் டயரும் பிரேக்கும் வாங்கிப் பூட்டுகின்றன. இரண்டுக்கும் நடுவே பல படிகள் உண்டு. இன்ஜின் மட்டும் பொதுவாக இருக்கலாம். இன்ஜினும் ஃபிரேமும் ஒன்றாக இருந்து, சீட்டும் விளக்கும் பெயின்ட்டும் வேறாக இருக்கலாம். இன்ஜினின் கீழ்ப்பாதி ஒன்றாகவும் மேலே உட்காரும் ஹெட் வேறாகவும் இருக்கலாம். இந்தப் படிகளைப் பிரித்துப் பார்க்காததால்தான் ‘ரெண்டும் ஒரே வண்டிதான், ஸ்டிக்கர்தான் வேற’ என்ற தீர்ப்பு மெக்கானிக் கடை வாசலில் அத்தனை சுலபமாகக் கிடைக்கிறது. பல நேரம் அந்தத் தீர்ப்பு சரி. சில நேரம் முழுத் தவறு. பெயர் யாருடையது என்பதைவிட, வரைபடமும் வார்ப்பு அச்சும் யார் கையில் இருக்கின்றன என்பதே இந்த வணிகத்தின் வரலாற்றை நடத்திச் சென்றிருக்கிறது.

மோட்டார் சைக்கிள் தொழில் தொடங்கியதே பகிர்வில்தான். 20ஆம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் இங்கிலாந்தில் ஒரு மோட்டார் சைக்கிள் நிறுவனம் தொடங்க, இன்ஜின் செய்யத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. லண்டன் டாட்டன்ஹாமில் ஜே.ஏ. பிரெஸ்ட்விச் ஆலை செய்த இன்ஜின்கள் ‘ஜாப்’ என்ற பெயரில் யாருக்கும் விலைக்குக் கிடைத்தன. சிறிய டூ ஸ்ட்ரோக் இன்ஜின் வேண்டுமானால் வுல்வர்ஹாம்டனில் வில்லியர்ஸ் இருந்தது. கியர்பாக்ஸுக்கு ஸ்டர்மி ஆர்ச்சர், பர்மன், ஆல்பியன். மின்சாரச் சாமான்களுக்கு லூக்காஸ், ஸ்பீடோமீட்டருக்கு ஸ்மித்ஸ். கார்பரேட்டருக்கு, மூன்று நிறுவனங்கள் 1927இல் இணைந்து உருவான ஆமல். குழாய்களை வளைத்து ஃபிரேம் செய்து, டேங்க் அடித்து, அதில் பெயர் எழுதத் தெரிந்தவர் நிறுவன முதலாளி ஆகிவிடலாம். அப்படி ஆனவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள்.

இந்த முறையைக் குறைவாக எண்ணிவிட முடியாது. நாட்டிங்ஹாமில் ஜார்ஜ் பிரஃப் செய்த ‘பிரஃப் சுப்பீரியர்’ வண்டிகளில் ஜாப் இன்ஜின் இருந்தது, பிற்காலத்தில் மேட்ச்லெஸ் இன்ஜின் வந்தது. கியர்பாக்ஸும் வெளியிலிருந்து வந்ததுதான். ஆனாலும் ‘எஸ்எஸ் 100’ ரகம் மணிக்கு 100 மைல் ஓடும் என்ற உத்தரவாதத்தோடு விற்கப்பட்டது. மோட்டார் சைக்கிள்களின் ரோல்ஸ் ராய்ஸ் என்றே அதற்குப் பெயர். ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ என்று அறியப்பட்ட டி.இ. லாரன்ஸ் அடுத்தடுத்து பல பிரஃப் வண்டிகளை வைத்திருந்தார். நல்ல பாகங்களைத் தேர்ந்தெடுப்பதும் அவற்றைச் சரியாகப் பொருத்துவதும் தனித் திறமை என்பதற்கு அந்த வண்டி போதும். மறுபக்கம், வாங்கிய இன்ஜினை நம்பியதன் ஆபத்தை, தன் பெயரிலேயே மோட்டார் சைக்கிள் செய்த பிலிப் வின்சென்ட் 1934இல் கண்டார். மேன் தீவின் டூரிஸ்ட் டிராஃபி பந்தயத்தில் ஜாப் இன்ஜினோடு ஓடிய அவருடைய வண்டிகள் பாதியில் நின்றன. அதற்குப் பின் அவரும் அவருடைய பொறியாளர் பில் இர்விங்கும் சொந்த இன்ஜினை வரைந்தார்கள். வின்சென்ட்டின் புகழெல்லாம் அந்த இன்ஜின்களிலிருந்து வந்ததே.

பாகங்களை வாங்கிச் சேர்ப்பது ஒருபுறம் இருக்க, ஒரே வண்டியை இரண்டு பெயரில் விற்கும் வழக்கம் லண்டன் பிளம்ஸ்டெட்டில் நன்றாக வேரூன்றியது. அங்கே மேட்ச்லெஸ் நிறுவனத்தை நடத்திய காலியர் சகோதரர்கள், நொடித்துப்போன ஏ.ஜே.எஸ். நிறுவனத்தை 1931இல் வாங்கினார்கள். இரண்டு பெயர்களுக்கும் தனித்தனி ரசிகர்கள், தனித்தனி ஏஜென்டுகள். ஏ.ஜே.எஸ். விற்கும் கடைக்காரர் மேட்ச்லெஸ்ஸைத் தொடமாட்டார். ஆகவே ஒரே ஆலை, ஒரே இன்ஜின், ஒரே ஃபிரேம், இரண்டு பெயர். 350 சிசி வண்டி மேட்ச்லெஸ் கடையில் ‘ஜி3’, ஏ.ஜே.எஸ். கடையில் ‘மாடல் 16’. 500 சிசி வண்டி அங்கே ‘ஜி80’, இங்கே ‘மாடல் 18’.

இந்த ஒற்றை சிலிண்டர் வண்டிகளை அருகில் வைத்துப் பார்த்தால், வித்தியாசம் காட்ட நிறுவனம் பட்ட பாடு தெரியும். ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ, ஏ.ஜே.எஸ். வண்டியில் சிலிண்டருக்கு முன்னால் இருக்கும்; மேட்ச்லெஸ்ஸில் பின்னால் இருக்கும். அதற்கேற்பப் பக்கவாட்டு மூடியின் வடிவமும் மாறும். ஓட்டத்தில் இதனால் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. ஆனால் வாடிக்கையாளர்கள் இதை வைத்து ஆண்டுக்கணக்கில் வாதிட்டார்கள். 1952இல் மேட்ச்லெஸ் மேக்னெட்டோவும் முன்னால் நகர்ந்தது. அதற்குப் பின் டேங்கின் எழுத்தையும் பெயின்ட்டின் கோடுகளையும் இன்ஜின் எண்ணின் முன்னெழுத்துகளையும் தவிர இரண்டையும் பிரிக்க அதிகம் மிஞ்சவில்லை.

அசோசியேட்டட் மோட்டார் சைக்கிள்ஸ் என்ற பெயரில் விரிந்த அந்த நிறுவனம் ஃபிரான்சிஸ் பார்னெட், ஜேம்ஸ், நார்டன் ஆகியவற்றையும் வாங்கிப் போட்டது. புதிய வண்டிக்குச் செலவிட வேண்டிய பணம், பழைய வண்டிக்குப் புதிய பெயர் தேடுவதில் போனது. 1960களின் நடுவில் நார்டனின் 750 சிசி இன்ஜினை மேட்ச்லெஸ் ஃபிரேமில் ஏற்றி மேட்ச்லெஸ், ஏ.ஜே.எஸ்., நார்டன் என்று மூன்று பெயரிலும் விற்றார்கள். அதற்குள் ஹோண்டா ஐரோப்பாவுக்கு வந்துவிட்டது. 1966இல் நிறுவனம் நொடித்தது. பிரிட்டிஷ் தொழிலின் வீழ்ச்சிக்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஒரே வண்டியைப் பல பெயரில் விற்பது புதிய வண்டி உருவாக்குவதற்கு ஈடு என்று நிர்வாகம் நம்பியதை அவற்றில் முன்வரிசையில் வைக்க வேண்டும்.

பர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ. நிறுவனமும் இதையே செய்தது. 1951இல் டிரையம்ஃபை வாங்கிய பின், ஒரே ஸ்கூட்டரை 1959இல் ‘பி.எஸ்.ஏ. சன்பீம்’ என்றும் ‘டிரையம்ஃப் டைக்ரஸ்’ என்றும் இரு நிறத்தில் வெளியிட்டது. 1968இல் வந்த மூன்று சிலிண்டர் வண்டியில் சற்றுக் கூடுதல் பாடுபட்டார்கள். டிரையம்ஃப் டிரைடென்ட்டில் சிலிண்டர்கள் நேராக நிற்க, பி.எஸ்.ஏ. ராக்கெட் 3இல் முன்னால் சாய்ந்திருந்தன, ஃபிரேமும் வேறு. ஒரே இன்ஜினுக்கு இரண்டு வகை வார்ப்பு அச்சு செய்யச் செலவான பணம், ஐந்தாவது கியருக்கோ பட்டன் ஸ்டார்ட்டுக்கோ போயிருக்கலாம். அந்த இரண்டையும் தந்த ஹோண்டா சிபி 750 அடுத்த ஆண்டே கடைக்கு வந்தது.

பெயரும் பட்டறையும் பிரிந்தால் என்ன ஆகும் என்பதைத் தெளிவாகக் காட்டும் கதை இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் 1955இல் தொடங்குகிறது. ராயல் என்ஃபீல்டு ஆலை அந்த ஆண்டில் இரண்டு திசைகளில் கை நீட்டியது. ஒன்று அமெரிக்கா. அங்கே ‘இண்டியன்’ என்ற புகழ்பெற்ற நிறுவனம் 1953இல் ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது; பெயரும் விற்பனை உரிமையும் பிரிட்டனின் பிராக்ஹவுஸ் கையில் இருந்தன. கையில் பெயர் இருக்கிறது, விற்க வண்டி இல்லை. எனவே ராயல் என்ஃபீல்டு வண்டிகள் அமெரிக்க ரசனைக்கு ஏற்ப அலங்கரிக்கப்பட்டு, இண்டியன் பெயரோடு கப்பலேறின. 700 சிசி வண்டி ‘டிரெயில்பிளேசர்’ ஆனது. 500 சிசி வண்டிகளுக்கு ‘டொமஹாக்’, ‘வுட்ஸ்மேன்’ என்று பெயர். 250 சிசிக்கு ‘ஃபயர் ஆரோ’. இண்டியனின் பழைய ‘சீஃப்’ என்ற பெயரைக்கூட விடவில்லை. 700 சிசி என்ஃபீல்டு ஒன்றுக்கு அதைச் சூட்டினார்கள். 1,300 சிசி அளவுக்கு மேல் இருந்த பெரிய வீ-ட்வின் சீஃபை ஓட்டிப் பழகியவர்கள் இதை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமல்ல. 1960 வாக்கில் இண்டியன் பெயர் பிளம்ஸ்டெட்டின் மேட்ச்லெஸ் குழுமத்துக்குப் போனது. போட்டியாளரான என்ஃபீல்டின் வண்டிகளை அது ஏன் விற்கப் போகிறது? இண்டியன் பெயர் பூசிய என்ஃபீல்டுகளின் கதை அத்தோடு முடிந்தது. அமெரிக்காவில் பெயரை மட்டும் வைத்து விற்றவர்களிடம் ஓர் ஆலையோ வரைபடமோ மிஞ்சவில்லை.

இன்னொரு கை சென்னைக்கு நீண்டது. அதே 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. இந்திய ராணுவம் புல்லட்டை எல்லைக் காவலுக்குத் தேர்ந்தெடுத்திருந்ததே தூண்டுதல். முதலில் ரெட்டிச்சிலிருந்து வந்த பாகங்களை இணைத்தார்கள். 1957இல் புல்லட்டுக்கான வார்ப்பு அச்சுகளும் கருவிகளும் சென்னைக்கு விற்கப்பட்டன. 1960களின் தொடக்கத்துக்குள் முழு வண்டியும் திருவொற்றியூர் ஆலையிலேயே உருவாகத் தொடங்கியது. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. 1970இல் ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்திலிருந்தே மறைந்தது. திருவொற்றியூரில் புல்லட் நிற்கவில்லை. 1977இல் அது இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. இதில் கவனிக்க வேண்டியது: ‘ராயல்’ என்ற முன்னொட்டோடு பெயரைப் பயன்படுத்தும் உரிமை இந்திய நிறுவனத்துக்கு 1990களின் நடுவில்தான், ஐஷர் குழுமம் வாங்கிய பிறகுதான் வந்தது. கருவி முதலில் வந்தது, பெயர் ஏறக்குறைய நாற்பது ஆண்டு கழித்து வந்தது. அமெரிக்காவில் நடந்தது நேர்மாறு.

ஒரே வடிவம் பல பெயரில் ஓடுவதற்கு வணிக ஒப்பந்தம் மட்டுமே வழியல்ல. போரும் ஒரு வழி. ஜெர்மனியில் ட்ஷோபாவ் நகரின் டி.கே.டபிள்யூ. ஆலை 1939இல் கொண்டுவந்த ஆர்டி 125 என்ற சிறிய டூ ஸ்ட்ரோக் வண்டியின் வரைபடங்கள், தோற்ற நாட்டிடம் பெற்ற இழப்பீடாக வெற்றி பெற்ற நாடுகளுக்குப் போயின. பிரிட்டனில் அது பி.எஸ்.ஏ. பேன்டம் ஆனது, அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சனின் 125 சிசி வண்டி ஆனது, மாஸ்கோவில் எம்1ஏ ஆனது. இழப்பீட்டோடு தொடர்பே இல்லாத யமஹாவின் முதல் வண்டியான ஒய்ஏ-1, 1955இல் வந்தபோது, அதுவும் இதையே பின்பற்றியிருந்தது. பி.எஸ்.ஏ. பொறியாளர்கள் கியர் மிதியை பிரிட்டிஷ் வழக்கப்படி வலப்பக்கம் கொண்டுவருவதற்காக இன்ஜினையே கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாகத் திருப்பி வரைந்தார்கள். இதை பேட்ஜ் இன்ஜினியரிங் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு நாடும் தானே வார்த்து, தானே மாற்றியது.

ஐரோப்பாவின் பிற்காலக் கூட்டுகளில் பி.எம்.டபிள்யூ. எஃப் 650 சற்று நின்று பார்க்கத் தக்கது. 1993இல் விற்பனைக்கு வந்த இந்த வண்டியை பி.எம்.டபிள்யூ. தன் பெர்லின் ஆலையில் செய்யவில்லை. வெனிஸுக்கு அருகே நோவாலேயில் ஏப்ரிலியா செய்து கொடுத்தது. 652 சிசி இன்ஜின் ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ். ஏப்ரிலியா தன் பெயரில் ‘பெகாசோ 650’ என்ற உடன்பிறப்பை விற்றது. ஆனால் பெகாசோவின் ஹெட்டில் ஐந்து வால்வுகள், பி.எம்.டபிள்யூவில் நான்கு. பந்தய வாசனை விரும்பும் இத்தாலியருக்கு ஒன்று, நாள் முழுக்க ஓட்டும் பயணிக்கு ஒன்று. ஷாஃப்டுக்கும் பல சிலிண்டர் இன்ஜின்களுக்கும் பழகியிருந்த பி.எம்.டபிள்யூ. வாடிக்கையாளர்களுக்குச் செயின் போட்ட ஒற்றை சிலிண்டர் வண்டி புதுமை. வாடகை ஆலையில் சந்தையைச் சோதித்துப் பார்த்து, விற்கும் என்று தெரிந்த பின், 2000த்தில் அடுத்த தலைமுறை எஃப் 650 ஜிஎஸ்ஸை பெர்லினுக்கே கொண்டுபோனது பி.எம்.டபிள்யூ. அதே ரோட்டாக்ஸ் பரம்பரையின் 652 சிசி இன்ஜின்தான் மஹிந்திரா குழுமத்தின் கிளாசிக் லெஜண்ட்ஸ் இந்நாளில் விற்கும் பி.எஸ்.ஏ. கோல்டு ஸ்டாரிலும் இருக்கிறது. டேங்கில் பர்மிங்ஹாம் பெயர். வண்டியில் பர்மிங்ஹாமிலிருந்து வந்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

இத்தாலியின் பிமோட்டா, இரவல் இன்ஜினை மறைக்காமல் வண்டியின் பெயரிலேயே அறிவித்தது. எச்பி1 என்றால் ஹோண்டா இன்ஜின், எஸ்பி2 என்றால் சுசூகி, கேபி1 கவாஸாகி, டிபி1 டுகாட்டி. ஃபிரேம் செய்வதில் ஜப்பானியரைவிடத் தாங்கள் கெட்டி என்ற நம்பிக்கை இருந்ததால் மறைக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை.

ஜப்பானியர் தம்முள் பகிர்ந்துகொண்டது குறைவு, பகிர்ந்தபோது தயங்கவுமில்லை. சுசூகியும் கவாஸாகியும் 2001இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 2004இல் வந்த மோட்டோகிராஸ் வண்டி மஞ்சள் பிளாஸ்டிக் போட்டால் சுசூகி ஆர்எம்-இசட் 250, பச்சை போட்டால் கவாஸாகி கேஎக்ஸ் 250 எஃப். சுசூகியின் வி-ஸ்ட்ராம் 1000, கவாஸாகி கேஎல்வி 1000 என்ற பெயரிலும் விற்றது. இதைவிட ஆச்சரியமானது 2016இல் ஹோண்டாவும் யமஹாவும் கைகோத்தது. 1980களின் தொடக்கத்தில் விற்பனைப் போரில் கடுமையாக மோதிக்கொண்ட நிறுவனங்கள் அவை. ஜப்பானின் 50 சிசி ஸ்கூட்டர் சந்தை சுருங்க, புகை விதிகள் இறுக, தனித்தனியாகச் செய்வது கட்டுப்படியாகவில்லை. 2018 முதல் யமஹாவின் ‘ஜாக்’, ‘வினோ’ ஸ்கூட்டர்கள் ஹோண்டாவின் குமமோட்டோ ஆலையில் உருவாயின.

பகிர்வுக்குக் காரணம் இந்தக் கணக்குதான். கிராங்க்கேஸ் வார்க்கும் அச்சு, பத்தாயிரம் வண்டிக்கும் ஒன்றே, இரண்டு லட்சம் வண்டிக்கும் ஒன்றே. அதன் விலையை எத்தனை வண்டிகளின் தலையில் பங்கிடலாம் என்பதில் லாபம் இருக்கிறது. அதோடு அரசு விதிகளின் செலவு சேர்கிறது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம், 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 புகை விதி. ஒவ்வொரு இன்ஜினையும் புகைச் சோதனையில் தேற்றப் பணமும் காலமும் தேவை. ஒருமுறை தேற்றிய இன்ஜினை நான்கு வண்டியில் போடுவது சாமர்த்தியமல்ல, நிர்ப்பந்தம்.

பாகத் தயாரிப்பாளர்களின் உலகம் இன்னும் பொதுவானது. கோயம்புத்தூரின் எல்.ஜி. பாலகிருஷ்ணன் நிறுவனத்தின் ரோலான் செயின், மதுரையின் டி.வி.எஸ். டயர், எம்.ஆர்.எஃப். டயர் ஆகியவை எந்த ஷோரூம் என்று பார்ப்பதில்லை. இத்தாலியின் பிரெம்போ, சிறிய வண்டிகளுக்காக ‘பைபிரே’ என்ற பெயரில் பிரேக் செய்கிறது. கே.டி.எம். டியூக்கிலும் பி.எம்.டபிள்யூ. ஜி 310 ஆரிலும் டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்ஆர் 310இலும் அந்த எழுத்தையே காணலாம். இந்த அளவுப் பகிர்வைக் குறை சொல்ல எவருமில்லை. ஊர் மெக்கானிக்குக்கு இதுவே பிழைப்பு: எந்த வண்டியின் கிளட்ச் பிளேட் எதற்குப் பொருந்தும், எந்த கேபிள் எதற்கு நீளம் போதும் என்ற அறிவு எந்தக் கையேட்டிலும் இருக்காது, அவர் தலையில் இருக்கும்.

இந்தியக் கூட்டுகளில் மிக நுட்பமாக அமைந்தது ஓசூரில் நடப்பது. டி.வி.எஸ்ஸும் பி.எம்.டபிள்யூவும் 2013 ஏப்ரலில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் விளைவு 312 சிசி ஒற்றை சிலிண்டர் இன்ஜின். அதைப் பக்கவாட்டில் பார்த்தால் ஒரு விநோதம் கண்ணில் படும். வழக்கமான வண்டியில் சிலிண்டர் முன்னால் சாய்ந்தோ நேராகவோ இருக்கும். காற்று பின்னாலிருந்து நுழைந்து, புகை முன்னால் வெளியேறி, குழாய் இன்ஜினைச் சுற்றி வளைந்து பின்னால் போகும். ஓசூர் இன்ஜினில் சிலிண்டர் பின்னால் சாய்ந்திருக்கிறது, ஹெட்டும் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது. காற்று முன்னால் நுழைகிறது, புகை பின்பக்கமே வெளியேறுகிறது. இதனால் இன்ஜினின் எடை முன்சக்கரத்தை நோக்கி நகர்கிறது. வண்டியின் மொத்த நீளம் கூடாமலேயே பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்ம் நீளமாக அமைய இடம் கிடைக்கிறது. திருப்பத்தில் வண்டி நிலையாக நிற்பதற்கு அந்த நீளம் உதவுகிறது.

இந்த ஒரே இன்ஜினிலிருந்து இரண்டு நிறுவனங்களும் வேறு வேறு உடம்பு செய்தன. பி.எம்.டபிள்யூ. ஃபேரிங் இல்லாத ஜி 310 ஆரையும், மண்சாலைக்கான ஜிஎஸ்ஸையும் எடுத்துக்கொண்டது. டி.வி.எஸ். முழு ஃபேரிங் போட்ட அப்பாச்சி ஆர்ஆர் 310ஐ 2017 டிசம்பரில் இறக்கியது. விலை 2.05 லட்சம். ஏழு மாதம் கழித்து ஜி 310 ஆர் இந்தியாவுக்கு வந்தபோது 2.99 லட்சம். ஒரே ஆலையில் பிறந்த இன்ஜினுக்கு ஏன் இந்த இடைவெளி என்ற கேள்வியை வாங்குபவர்கள் வாயால் கேட்டார்களோ இல்லையோ, பணப்பையால் கேட்டார்கள். 2020இல் பி.எஸ். 6 வண்டி வந்தபோது பி.எம்.டபிள்யூ. விலையை 2.45 லட்சமாக இறக்கியது.

சுத்தமான பேட்ஜ் இன்ஜினியரிங் 2022இல் நடந்தது. அந்த ஆண்டு ஜூலையில் வந்த பி.எம்.டபிள்யூ. ஜி 310 ஆர்ஆர், அப்பாச்சி ஆர்ஆர் 310தான். நிறமும் சின்னமும் மாறியிருந்தன. 1955இன் டொமஹாக்கோடு இதை ஒப்பிட்டால் திசை புரட்டிப்போடப்பட்டிருப்பது தெரியும். இங்கே பெயர் ஒட்டியது ஐரோப்பிய நிறுவனம். வண்டியை வரைந்து செய்தது ஓசூர். அதற்கடுத்த ஆண்டு டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்டிஆர் 310ஐக் கொண்டுவந்தது. அதே இன்ஜினில் பி.எம்.டபிள்யூ. 34 குதிரைத்திறனோடு நிற்க, டி.வி.எஸ். 35.6ஐத் தொட்டது, க்ரூஸ் கன்ட்ரோலும் சேர்த்தது. 2024இல் ஆர்ஆர் 310இன் திறன் 38 ஆனது. கற்றுக்கொள்ள வந்தவர் என்று கருதப்பட்டவர் கூட்டாளியை முந்திப் போனதை ஷோரூமில் தொங்கும் விவரத்தாளிலேயே படிக்கலாம். 2020இல் டி.வி.எஸ். 1.6 கோடி பவுண்டுக்கு நார்டனை வாங்கியதும் இதே நம்பிக்கையில்தான்.

ஹீரோவின் பாதை வேறு. 1984இல் ஹோண்டாவோடு சேர்ந்த காலத்தில் இன்ஜின் வரைபடம் ஜப்பானுடையது. ஹோண்டா இந்தியாவில் தன் பெயரிலும் வண்டி விற்கத் தொடங்கியபோது, யூனிகார்னின் 150 சிசி இன்ஜினே ஹீரோ ஹோண்டாவின் சிபிஇசட் எக்ஸ்ட்ரீமிலும் ஹங்க்கிலும் இருந்தது. கூட்டாளிகள் ஒரே இன்ஜினால் போட்டியிட்டார்கள். 2010 இறுதியில் பிரிவு அறிவிக்கப்பட்டது. பழைய வண்டிகளைத் தொடர்ந்து செய்ய உரிமம் இருந்தாலும், புதியவற்றுக்குச் சொந்த மூளை தேவைப்பட்டது. 2016இல் ஜெய்ப்பூரில் ஆராய்ச்சி மையம் எழுந்தது. அங்கிருந்து 2023க்கு வந்தால் ஹார்லி டேவிட்சன் எக்ஸ் 440. ஹரியானா பாவல் ஆலையை மூடிவிட்டுப் போன ஹார்லி, ஹீரோவின் நீம்ரானா ஆலையில் உருவான 440 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டிக்குத் தன் பெயரைக் கொடுத்தது. மறு ஆண்டே அதே இன்ஜின், ஹீரோ மேவ்ரிக் 440 என்று 1.99 லட்சத்துக்கு வந்தது; எக்ஸ் 440இன் தொடக்க விலை 2.29 லட்சம். ஹார்லியில் தலைகீழ் ஃபோர்க், மேவ்ரிக்கில் சாதாரண டெலஸ்கோபிக் ஃபோர்க். ஹார்லியின் முறுக்குவிசை 38 நியூட்டன் மீட்டர், மேவ்ரிக்குடையது 36. இந்த வித்தியாசம் 30,000 ரூபாய் பெறுமா என்பதில் பெயரின் விலையும் அடங்கியிருக்கிறது.

எல்லாப் படிகளையும் ஒரே இடத்தில் காட்டுவது பஜாஜ். முதல் பாடம் கவாஸாகியிடம். 2001இல் வந்த எலிமினேட்டர் 175இல் கவாஸாகி இன்ஜின். 2005இல் ஏறக்குறைய அதே உடம்பில் பல்சரின் 180 சிசி இன்ஜினை வைத்து அவெஞ்சர் என்று பெயரிட்டார்கள். தோற்றம் இரவலாகவே இருக்க, உள்ளே இருந்தது சொந்தமாகிவிட்டது. 2007இல் ஆஸ்திரியாவின் கே.டி.எம்மில் 14.5 சதவீதப் பங்கு வாங்கியது பஜாஜ்; பிறகு அது 48 சதவீதம் வரை வளர்ந்தது. புணேக்கு அருகே சாக்கனில் 2012இல் கே.டி.எம். 200 டியூக் பிறந்தது. அதே ஆண்டு பல்சர் 200 என்எஸ் வந்தது. இரண்டுக்கும் 72 மில்லிமீட்டர் விட்டம், 49 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 199.5 சிசி. கீழ்ப்பாதி உறவு தெளிவு. மேற்பாதி வேறு: டியூக்கில் இரண்டு கேம்ஷாஃப்டும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனும், என்எஸ்ஸில் ஒரே கேம்ஷாஃப்டும் மூன்று ஸ்பார்க் பிளக்கும் கார்பரேட்டரும். ஒன்று மேலே மேலே சுற்றத் துடிக்கும்; மற்றது நகரத்தில் கியர் மாற்றாமல் இழுக்கும். ‘ஸ்டிக்கர்தான் வேற’ என்ற தீர்ப்பு தவறிப்போகும் இடம் இது. ஆனால் அந்த 200 என்எஸ்ஸே பிலிப்பைன்ஸில் ‘கவாஸாகி ரவுசர்’ என்ற பெயரில் விற்றது. ஆஸ்திரிய உறவுள்ள கிராங்க்கேஸ், இந்திய ஹெட், ஜப்பானியப் பெயர். அங்கே தீர்ப்பு முழுக்கச் சரி.

கே.டி.எம். தன் வீட்டுக்குள்ளும் இந்தக் கலையைக் கடைசி எல்லை வரை கொண்டுபோனது. அதன் அப்போதைய தலைவர் ஸ்டெஃபான் பியெரர் 2013இல் ஹஸ்க்வர்னாவை பி.எம்.டபிள்யூவிடமிருந்து வாங்கினார், பிறகு ஸ்பெயினின் காஸ்காஸ் வந்தது. ஒரே மோட்டோகிராஸ் வண்டி ஆரஞ்சில் கே.டி.எம்., வெள்ளையில் ஹஸ்க்வர்னா, சிவப்பில் காஸ்காஸ். சஸ்பென்ஷன், பிரேக், ஃபோர்க்கைப் பிடிக்கும் கிளாம்ப் ஆகியவற்றில் சில மாற்றங்களும் விலையில் சில படிகளும் உண்டு. மோட்டோ 3 பந்தயத்தில் அந்த மாற்றங்கள்கூடத் தேவைப்படவில்லை. மட்டிக்ஹோஃபன் ஆலையின் ஒரே வகைப் பந்தய வண்டியில் 2021இல் பெட்ரோ அகோஸ்டா கே.டி.எம். பெயரிலும், 2022இல் இசான் கெவாரா காஸ்காஸ் பெயரிலும், 2024இல் டேவிட் அலோன்சோ சீனாவின் சி.எஃப்.மோட்டோ பெயரிலும் உலகப் பட்டம் வென்றார்கள்.

அந்தக் கடைசிப் பட்டத்தின் ஆண்டு முடிவதற்குள், 2024 நவம்பரில், கே.டி.எம். திவால் நடவடிக்கைக்குப் போனது. விற்காத வண்டிகள் குவிந்து கிடந்தன. கடன் 100 கோடி யூரோவைத் தாண்டியிருந்தது. மூன்று நிறத்தில் ஒரே வண்டியை வைத்திருந்தது இந்தக் குவியலைக் குறைக்கவில்லை. மூன்று கடை வரிசைகளிலும் சரக்கு தேங்கியது. கடன் கொடுத்தவர்கள் 30 சதவீதம் பெற்றுக்கொண்டு விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். அந்தத் தொகையையும் ஆலையை மறுபடி ஓட்டும் பணத்தையும் சேர்த்து 80 கோடி யூரோவுக்கு ஏற்பாடு செய்தது பஜாஜ். அதற்கு ஈடாக நிறுவனத்தின் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு மாற்றிக்கொள்ளும் நடவடிக்கையை 2025இல் தொடங்கியது. கே.டி.எம்மின் சிறிய டியூக்குகளுக்கான அச்சுகள் பத்தாண்டுக்கும் மேலாகவே சாக்கனில்தான் இருந்தன.